இஸ்தான்புலை நடந்தே பார்க்க: மேட்டிலிருந்து தண்ணீர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இஸ்தான்புலுக்குப் போகிறவர்களில் பலர் ஹாகியா சோபியா, நீல மசூதி, டோப்காபி அரண்மனை மூன்றையும் ஒரே நாளில் பார்த்து முடித்து, மறுநாள் சந்தையில் ஒரு கண்ணாடி விளக்கு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்த மூன்றும் பார்க்கத்தான் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெரிய கட்டடங்கள் ஏன் அங்கே நிற்கின்றன, சந்தை ஏன் அவற்றுக்குக் கீழே இருக்கிறது, துறைமுகம் ஏன் அதற்கும் கீழே என்பதெல்லாம் கால்களால் இறங்கிப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் ஊரின் அமைப்பை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய நகரம் ஒரு முக்கோணத் தீபகற்பம். வடக்கே தங்கக் கொம்பு என்கிற நீண்ட கழி, தெற்கே மர்மரா கடல், கிழக்கு முனையில் பாஸ்பரஸ் நீரிணை. நிலத்தோடு ஒட்டிய மேற்குப் பக்கத்தை ஒரு மாபெரும் மதில் காத்தது. நடுவே முதுகெலும்பு மாதிரி ஒரு மேடு ஓடுகிறது. கி.பி. 330-இல் ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் இதைத் தன் தலைநகராக்கியபோது, நகரின் முதன்மைச் சாலை அந்த மேட்டின்மேல்தான் அமைந்தது. 1453-இல் துருக்கிய ஒட்டோமான்கள் பிடித்த பிறகும் பேரரசு மசூதிகள் பலவும் மேடுகளிலேயே எழுந்தன. வணிகர்களும் கைவினைஞர்களும் சரிவில். கப்பலும் சரக்கும் கரையில். கழியின் மறுகரையில் இத்தாலியின் ஜெனோவாக்காரர்கள் குடியிருந்த கலாத்தா.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விதியைத்தான் பின்பற்றுகிறது: ஒவ்வொரு நாளும் மேட்டில் தொடங்குங்கள், தண்ணீரில் முடியுங்கள். அரண்மனையிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து துறைக்கும் ஊர் எப்படி மாறுகிறது என்பது அப்போது தானாகவே தெரியும். முழங்காலுக்கும் அதுதான் நல்லது. மூன்று நாளும் ஒரு மாலையும் ஒதுக்கினால் நிதானமாகப் பார்க்கலாம்.

கிளம்பும் முன்

ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் நடக்க ஏற்றவை. ஜூலை, ஆகஸ்ட்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வாட்டும். குளிர்காலத்தில் மழையும் சில நாள் பனியும் உண்டு. சரிவுத் தெருக்கள் பெரும்பாலும் கல் பாவியவை, நனைந்தால் வழுக்கும். அதனால் அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கும் காலணி வேண்டும். மசூதிகளில் அடிக்கடி கழற்ற வேண்டியிருப்பதால், சட்டென்று கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது.

மசூதிக்குள் ஆண், பெண் இருவரும் தோளையும் முழங்காலையும் மறைக்க வேண்டும். பெண்கள் தலையையும் மறைக்க வேண்டும். பையில் ஒரு துப்பட்டா இருந்தால் எந்த வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. ஐந்து வேளைத் தொழுகை நேரங்களில் பார்வையாளர்களை அனுமதிக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நீளமானது, அந்த நேரத்தில் பெரிய மசூதிகளைத் திட்டத்தில் வைக்காதீர்கள். டோப்காபி அரண்மனைக்குச் செவ்வாய் விடுமுறை, பெரிய சந்தைக்கு ஞாயிறு விடுமுறை. இந்த இரண்டையும் வைத்துத்தான் எந்த நாளில் எந்த நடை என்று முடிவு செய்ய வேண்டும்.

டிராம், மெட்ரோ, படகு எல்லாவற்றுக்கும் இஸ்தான்புல்கார்ட் என்ற ஒரே அட்டை போதும். நிலையங்களில் உள்ள இயந்திரத்திலேயே வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளலாம். நடைப் பயணத்துக்கு அட்டை எதற்கு என்று நினைக்காதீர்கள். மேட்டுக்கு ஏற டிராம், இறங்கக் கால், கடக்கப் படகு என்பதுதான் இந்த ஊருக்குச் சரியான கணக்கு.

முதல் நாள்: குதிரைப் பந்தய மைதானமும் அதன் அடிவாரமும்

சுல்தானஹ்மத் டிராம் நிறுத்தத்தில் காலை எட்டு மணிக்கெல்லாம் இறங்கிவிடுங்கள். எல்லோரும் ஹாகியா சோபியா பக்கம் திரும்புவார்கள். நீங்கள் எதிர்ப்பக்கம், நீல மசூதியை ஒட்டிய நீண்ட திடலுக்குப் போங்கள். ரோமானியர்கள் தேர்ப் பந்தயம் நடத்திய ஹிப்போட்ரோம் இதுதான். இருக்கைகள் போய்விட்டன, ஆனால் பந்தயப் பாதையின் நடுவில் நின்ற மூன்று தூண்கள் அதே வரிசையில் இன்னும் நிற்கின்றன.

முதலாவது எகிப்தியத் தூண். மூன்றாம் துத்மோஸ் என்ற பாரோ கர்னாக் கோயிலுக்காகச் செதுக்கியது, கிட்டத்தட்ட 3,500 ஆண்டு பழையது. கி.பி. 390-இல் பேரரசர் தியோடோசியஸ் இங்கே நிறுத்தினார். அண்ணாந்து படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். குனிந்து பீடத்தைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் பேரரசர் தன் மாடத்திலிருந்து, வென்றவனுக்குத் தர மலர் வளையத்தைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். கீழே வரிசை வரிசையாகப் பார்வையாளர்களின் தலைகள், அதற்கும் கீழே நடனமாடுபவர்கள், இசைக் கருவிகள். பீடத்தின் அடிப்பகுதியில் இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. தூணை நிறுத்த 30 நாள் ஆனது என்கிறது லத்தீன் கல்வெட்டு. 32 நாள் என்கிறது கிரேக்கக் கல்வெட்டு. 1,600 ஆண்டுகளாக ஒரே கல்லில் இந்த இரண்டு கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

அடுத்து, பித்தளை முறுக்கு போல நிற்கும் பாம்புத் தூண். கி.மு. 479-இல் பாரசீகர்களை வென்றதற்காகக் கிரேக்க நகரங்கள் டெல்ஃபியில் வைத்த வெண்கலக் காணிக்கை இது. மூன்று பாம்புகளின் தலையும் இப்போது இல்லை. ஒரு தலையின் மேல்தாடை மட்டும் பக்கத்திலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றாவது, கல் அடுக்கிக் கட்டிய தூண். ஒரு காலத்தில் வெண்கலத் தகடு போர்த்தியிருந்தது, பின்னால் பெயர்த்தெடுத்துவிட்டார்கள்.

நகரும் முன் இன்னொன்றைக் கவனியுங்கள். தூண்களின் அடிப்பகுதி பள்ளத்துக்குள் இருக்கிறது, சுற்றிக் கம்பி வேலி. தூண் புதையவில்லை, ஊர்தான் சில மீட்டர் உயர்ந்துவிட்டது. பந்தயத் தேர் ஓடிய தரை அந்தப் பள்ளத்தின் மட்டத்தில் இருந்தது. இந்த ஊரில் எங்கே படி இறங்கினாலும் சில நூற்றாண்டு பின்னால் போகிறீர்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

இப்போது திடலின் தென்மேற்கு முனைக்கு நடந்து, பக்கத்துத் தெருவில் கீழே இறங்குங்கள். திரும்பிப் பார்த்தால் உயரமான, வளைந்த செங்கல் சுவர் ஒன்று வானை மறைத்து நிற்கும். ஸ்ஃபெண்டோனே என்பார்கள். மேடு சரியும் இடத்தில் மைதானத்தின் வளைவைத் தாங்கக் கட்டிய அடித்தளம் அது. மேலே நிற்கும்போது சமதளம் என்று நினைத்தது பாதி செயற்கை என்பது இங்கே வந்தால்தான் தெரியும். நூறில் ஒரு பயணிகூட இதைப் பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அதே சரிவில் மேலும் இறங்கினால் குட்டி ஹாகியா சோபியா. ஆறாம் நூற்றாண்டுப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்துத் தேவாலயம், பின்னர் மசூதியானது. பெரிய ஹாகியா சோபியாவுக்கும் முன்பே கட்டத் தொடங்கியது. உள்ளே போய்ச் சுவரின் பாதி உயரத்தில் பாருங்கள். ஜஸ்டினியனையும் அரசி தியோடோராவையும் புகழும் கிரேக்க எழுத்துகள் கட்டடம் முழுக்கச் சுற்றி ஓடுகின்றன. முற்றத்தில் உட்கார்ந்து ஒரு தேநீர் குடித்துவிட்டு மேலே ஏறுங்கள்.

நண்பகலுக்குள் ஹாகியா சோபியா. தேவாலயமாக 532-இல் தொடங்கி 537-இல், ஐந்தே ஆண்டில் முடித்தார்கள். குவிமாடத்தின் விட்டம் ஏறக்குறைய 31 மீட்டர், தரையிலிருந்து உச்சிவரை சுமார் 55 மீட்டர். முதல் குவிமாடம் 558-இல் இடிந்து விழுந்தது. இன்றைய வடிவம் 562-இல் உயர்த்திக் கட்டியது. 1453-க்குப் பிறகு மசூதி, 1935 முதல் அருங்காட்சியகம், 2020 முதல் மறுபடி மசூதி. 2024 தொடக்கத்திலிருந்து கீழ்த்தளம் தொழ வருபவர்களுக்கு மட்டும். வெளிநாட்டுப் பயணிகள் தனி வாசலில் டிக்கெட் வாங்கி மேல்மாடத்துக்குப் போக வேண்டும். மேல்மாடம் என்று குறைவாக நினைக்காதீர்கள். 13-ஆம் நூற்றாண்டு டீசிஸ் மொசைக், அதாவது இயேசுவிடம் மரியாவும் யோவானும் மன்றாடும் காட்சி, அங்கேதான் இருக்கிறது. அரைவாசி உதிர்ந்துவிட்டது, ஆனால் மிஞ்சிய முகங்களில் ஒளி ஒரு பக்கமிருந்து விழுவதுபோலக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தோடு அது சேர்ந்துகொள்கிறது. தெற்கு மாடத்தின் பளிங்குக் கைப்பிடிச் சுவரில் ஹால்ஃப்டான் என்ற வைக்கிங் வீரன் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் கீறிய பெயரையும் தேடிப் பாருங்கள்.

வெளியே வந்ததும் எதிரே நிலத்தடி நீர்த்தேக்கம். 336 தூண்கள், ஒவ்வொன்றும் 9 மீட்டர். வேறு கட்டடங்களிலிருந்து பெயர்த்த தூண்களையும் இங்கே பயன்படுத்தியிருக்கிறார்கள், அதனால் தலைப்பகுதிகள் ஒன்றுபோல் இல்லை. மூலையில், கிரேக்கப் புராணத்தில் பாம்புக் கூந்தல் கொண்ட மெதுசாவின் தலைகள் இரண்டு, ஒன்று தலைகீழாக, இன்னொன்று பக்கவாட்டில் படுத்து, தூணுக்கு முட்டுக் கொடுக்கின்றன. நீல மசூதிக்குப் பிற்பகல் தொழுகை முடிந்து போகலாம். டோப்காபிக்கு அரை நாள் தேவை. அதை இந்த நாளில் திணித்தால் இரண்டுமே கெடும்.

இரண்டாம் நாள்: அரச சாலையிலிருந்து சந்தை வழியே பாலம்வரை

மூன்று நாளில் ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்றால் இந்த நடையைத் தேர்ந்தெடுங்கள்.

சுல்தானஹ்மத்திலிருந்து டிராம் ஏறும் திவான்யோலு சாலையில் மேலே நடங்கள். ரோமானிய முதன்மைச் சாலை இதே தடத்தில்தான் போனது. தொடக்கத்தில், நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில், உடைந்த கல் ஒன்று தனியாக நிற்கும். பேரரசின் எல்லாத் தூரங்களையும் அளந்த தொடக்கப் புள்ளியின் எச்சம் அது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் செம்பெர்லிதாஷ் தூண் வரும். கான்ஸ்டன்டைன் தன் புதிய தலைநகரைக் கொண்டாட எழுப்பியது. தீயில் கருகி, விரிசல் விட்டு, இரும்பு வளையங்கள் பிடித்திருக்க நிற்கிறது.

அங்கிருந்து வலப்பக்கம் நூருஒஸ்மானியே மசூதி முற்றம் வழியாகப் பெரிய சந்தைக்குள் நுழையுங்கள். கூரை போட்ட அறுபதுக்கும் மேற்பட்ட தெருக்கள், ஆயிரக்கணக்கான கடைகள். வழி தவறும் என்று பயந்தால் நகைக்கடைகள் நிறைந்த அகலமான தெருவிலேயே நேராகப் போனால் மறுமுனையில் பெயாஸித் வாசல் வந்துவிடும். வழி தவறினாலும் ஒன்றும் ஆகாது. எந்தச் சந்தில் சரிவு கீழே போகிறதோ அது தங்கக் கொம்புப் பக்கம். ஏறினால் டிராம் சாலைப் பக்கம். நடுவில் இருக்கும் பழைய கல்மண்டபம்தான் சந்தையின் ஆதி. மெஹ்மத் சுல்தான் ஊரைப் பிடித்த சில ஆண்டுகளில் கட்டியது. விலையுயர்ந்த சரக்கைப் பூட்டி வைக்க அதன் சுவரை அவ்வளவு தடிமனாக எழுப்பினார்கள்.

பெயாஸித் வாசலுக்கு வெளியே பழைய புத்தகக் கடைகளின் முற்றம், அதைத் தாண்டிப் பல்கலைக்கழக வாயில். மதிலை ஒட்டிச் சுற்றிப் போனால் சுலைமானியா. சினான் என்ற மகத்தான கட்டடக் கலைஞர் 1550-இல் தொடங்கி 1557-இல் முடித்த மசூதி. என் கணிப்பில் இந்த ஊரின் மிக அழகான கட்டடம் இதுதான். ஹாகியா சோபியா மலைக்க வைக்கிறது. இது நம்மை அமைதியாக உட்கார வைக்கிறது. பின்புறத் தோட்டத்தில் சுல்தான் சுலைமானின் கல்லறை. பிறகு வடக்கு மேடையின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பாருங்கள். மதரசாக்களின் சின்னச் சின்னக் குவிமாடங்களும் புகைபோக்கிகளும் படிப்படியாகச் சரிவில் இறங்க, அவற்றுக்கு அப்பால் கழி, பாலம், கலாத்தா கோபுரம். இந்தக் காட்சிக்குக் கட்டணம் கிடையாது. மதிலுக்கு வெளியே, இரு தெருக்கள் கூடும் மூலையில், தனக்காகச் சினான் கட்டிக்கொண்ட கல்லறை எளிமையாக இருக்கிறது. எதிர்த்தெருவில் வரிசையாகக் குரு ஃபசுல்யே கடைகள். தக்காளிக் குழம்பில் வெந்த வெள்ளை பீன்ஸ் கொட்டையும் சோறும். மதிய உணவுக்கு அதுவே சரி.

இனி இறக்கம்தான். உஸுன்சார்ஷி என்ற நீண்ட தெருவைப் பிடியுங்கள். மரக்கரண்டி, முக்காலி, தாம்பாளம், பூட்டு, கயிறு என்று ஊர்க்காரர்கள் வாங்கும் சாமான்களே இங்கே விற்கும். சுமை தூக்குபவர்கள் முதுகில் மூட்டையோடு இறங்குவார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நடங்கள். இந்தத் தெருவின் அடியில் ருஸ்தம் பாஷா மசூதி. கவனிக்காவிட்டால் தவறிவிடும், ஏனென்றால் அது கடைகளின் தலைமேல் இருக்கிறது. கடைகளுக்கு நடுவே குறுகிய படி ஒன்று இருட்டாக மேலே போகும். கடை வாடகையில் மசூதியைப் பராமரிக்க வேண்டும் என்று 1560-களில் சினான் போட்ட திட்டம் அது. மேலே வந்ததும் சுவர் முழுக்க, இஸ்னிக் என்ற ஊரில் செய்த வண்ண ஓடுகள். நீலமும் பச்சையுமாகத் துலிப் மலர்கள், நடுவே தக்காளிச் சிவப்பு. சுவரோடு ஒட்டி நின்று பக்கவாட்டில் பாருங்கள். அந்தச் சிவப்பு மட்டும் மற்ற நிறங்களைவிடக் கொஞ்சம் புடைத்திருக்கும். பிற்கால ஓடுகளில் அந்தச் சிவப்பு மங்கிப் பழுப்பாகிவிட்டது. நீல மசூதியை முந்தின நாளே பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும்.

அப்புறம் மசாலாச் சந்தை வழியாக எமினோனு கரை. கலாத்தா பாலத்தின் மேல்தளத்தில் தூண்டிலோடு வரிசையாக நிற்பவர்களுக்குப் பின்னால் நடந்து மறுகரை போங்கள். அங்கே கராகோயில் வங்கிகள் இருந்த தெருவில் கமோண்டோ படிக்கட்டு இரண்டு வளைவாகப் பிரிந்து சேர்ந்து மேலே ஏறும். ஏற முடியாவிட்டால் 1875 முதல் ஓடும் துனெல் சுரங்க ரயில் ஓரிரு நிமிடத்தில் மேலே விட்டுவிடும். லண்டனுக்கு அடுத்து உலகின் இரண்டாவது பழமையான சுரங்க ரயில் அது. கலாத்தா கோபுரம் 1348-இல் ஜெனோவாக்காரர்கள் கட்டியது. வரிசை நீளமாக இருந்தால் மேலே ஏறாமலே விடலாம். அங்கிருந்து தெரியும் காட்சியைச் சுலைமானியாவிலிருந்து எதிர்ப்பக்கமாகப் பார்த்துவிட்டீர்கள். தக்சிம் நோக்கிப் போகும் இஸ்திக்லால் சாலையில் தெம்பு இருந்தால் நடங்கள், இல்லாவிட்டால் இழப்பில்லை.

மூன்றாம் நாள்: மதிலிலிருந்து பாலாத், ஃபெனர்

பெரும்பாலோர் பாலாத் கரையில் தொடங்கி மூச்சு வாங்க மேலே ஏறுவார்கள். நீங்கள் பஸ்ஸிலோ டிராமிலோ எதிர்னெகாபிக்குப் போய், மேலிருந்து ஆரம்பியுங்கள். 413-இல் எழுப்பிய தியோடோசியன் மதில் இங்கே கண்ணெதிரே நிற்கும். அகழி, வெளிமதில், உள்மதில் என்று மூன்று அடுக்கு. சுண்ணாம்புக்கல் வரிசைக்கு நடுவே செங்கல் பட்டைகள் சிவப்புக் கோடாகத் தெரியும். கட்டடத்தை இறுக்கிப் பிடிக்கவும் நில அதிர்வைத் தாங்கவும் அப்படிக் கட்டினார்கள். மதில்மேல் ஏறும் படிகள் சில இடங்களில் கைப்பிடி இல்லாதவை, அதனால் ஏற வேண்டாம். ஆள் நடமாட்டமில்லாத பகுதிகளில் பொழுது சாய்ந்தபின் நிற்கவும் வேண்டாம்.

சில நிமிட நடையில் கோரா, துருக்கி மொழியில் காரியே. 1315 முதல் 1321 வரை செய்த மொசைக்குகளும் சுவரோவியங்களும் உள்ள சின்னத் தேவாலயக் கட்டடம். 2024 மே முதல் மசூதி, பயணிகளும் பார்க்கலாம். பக்கக் கூடத்தின் அரைக்கோள விதானத்தில் ஆதாமையும் ஏவாளையும் கல்லறையிலிருந்து மணிக்கட்டைப் பிடித்து இயேசு இழுத்துத் தூக்குகிறார். அந்த இழுப்பின் வேகத்தில் அவர் ஆடை பறக்கிறது. இந்த ஓர் ஓவியத்துக்காகவே மேட்டுக்கு வரலாம்.

அங்கிருந்து தெருக்கள் செங்குத்தாகப் பாலாத்துக்கு இறங்கும். மாடி முகப்பு தெருவுக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் குறுகிய வீடுகள், எதிரெதிர் ஜன்னலுக்கு நடுவே துணி காயும் கயிறுகள். யூதர்கள் பல நூற்றாண்டு வாழ்ந்த பேட்டை இது. வண்ண வீடுகள் முன்னே படம் எடுக்கக் கூட்டம் நிற்கும். உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன; வாசல்படியில் உட்காராதீர்கள், குழந்தைகளைப் படம் எடுக்காதீர்கள். ஒட்டியுள்ள ஃபெனர் கிரேக்கர்களின் பகுதி. மேட்டில் செங்கோட்டை போலத் தெரிவது கிரேக்கப் பள்ளி. கீழே கிழக்கத்திய திருச்சபையின் தலைமைப் பீடம். 1821-இல் பேராயர் ஐந்தாம் கிரகோரியை இந்த வளாகத்தின் நடுவாசலில் தூக்கிலிட்டார்கள். அன்று மூடிய கதவு அதற்குப்பின் திறக்கவே இல்லை. பக்கவாசலால்தான் நுழைய வேண்டும்.

கரையில் பல்கேரியர்களின் புனித ஸ்டீபன் தேவாலயம். பார்வைக்குக் கல், ஆனால் தூணை விரலால் தட்டினால் உலோக ஓசை கேட்கும். இளகிய கரை மண் கல்லின் பாரத்தைத் தாங்காது என்று, வியன்னாவில் இரும்பில் வார்த்து, பாகம் பாகமாக டானூப் நதி, கருங்கடல் வழியே கொண்டுவந்து பூட்டினார்கள். திறப்பு விழா 1898-இல் நடந்தது. எமினோனு திரும்பக் கரையோர டிராம் இருக்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. முன்னால் போகும் செருப்புத் துடைப்பவர் தூரிகையைத் தவறவிட்டால், அது தற்செயல் இல்லை. எடுத்துக் கொடுத்தால் நன்றி என்று சொல்லி உங்கள் காலணியைத் துடைத்துவிட்டுப் பெரிய தொகை கேட்பார். புன்னகைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஒரு மாலை: ஆசியக் கரை

மூன்று நாளில் எந்த நாள் வானம் தெளிவாக இருக்கிறதோ, அன்று சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது எமினோனுவிலிருந்து உஸ்குதார் படகு பிடியுங்கள். மேல்தளத்தில், பின்பக்கம் பார்த்த இருக்கையில் உட்காருங்கள். மூன்று நாள் நடந்த மேடு முழுவதும் ஒரே கோடாகத் தெரியும்: முனையில் டோப்காபி, ஹாகியா சோபியா, நீல மசூதி, சற்றுத் தள்ளிச் சுலைமானியா. படகிலிருந்து இறங்கி வலப்பக்கம் கரையோரமாக நடந்தால் முதலில் ஷெம்சி பாஷா மசூதி. சினானின் மிகச் சிறிய வேலைகளில் ஒன்று, அலை தெறிக்கும் தூரத்தில் இருக்கிறது. அதைத் தாண்டிச் சாலஜாக் கரையில் படிகள். எதிரே தண்ணீருக்குள் கன்னிக் கோபுரம்.

திரும்பப் படகு தவறினால் கவலை வேண்டாம். உஸ்குதாரிலிருந்து மர்மராய் ரயில் நீரிணைக்கு அடியில் ஒரே நிறுத்தத்தில் சிர்கேஜியில் விட்டுவிடும். 2013-இல் திறந்தது. அடுத்த நிறுத்தமான யெனிகாபியில் நிலையம் தோண்டும்போது பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமானியக் காலத் துறைமுகமும் 37 மரக்கலங்களும் வெளிப்பட்டதால் வேலை பல ஆண்டு தள்ளிப்போனது. இரவு பத்துக்குமேல் வண்டிகளின் இடைவெளி கூடும். நேரத்தைக் கரையிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.